முப்பது நிமிடக் கணக்கியும் ஜொகூர் மணிக்கட்டும்

ஜொகூரைச் சிங்கப்பூரோடு இணைக்கும் கடற்பாலத்தின் நீளம் 1,056 மீட்டர். 1924-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. வேலைநாள் காலையில் ஒரு கார் அதை 45 நிமிடத்தில் கடந்தால் சராசரி வேகம் மணிக்கு 1.4 கிலோமீட்டர். ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் முகப்பைச் சுற்றியுள்ள கறுப்பு வளையத்தில் வேகத்தைக் காட்டும் எண்கள் 500-இல் தொடங்கி 60-இல் முடிகின்றன. 60-க்குக் கீழே அதற்குக் கணக்குத் தெரியாது. ரோலெக்ஸ் டேடோனாவின் வளையம் 400-இல் தொடங்குகிறது. முடிவதென்னவோ அதே 60-இல்தான். பாலத்தில் மாட்டிக்கொண்டவர் கையில் எந்த விலைக் கடிகாரம் இருந்தாலும் அந்த வளையம் வெறும் அலங்காரம்.

குரோனோகிராஃப் என்றால் ஸ்டாப்வாட்ச் வசதி சேர்ந்த கைக்கடிகாரம். மேல் பட்டனை அழுத்தினால் நடுவிலுள்ள நீண்ட முள் கிளம்பும். மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பட்டன் அதைப் பூஜ்யத்துக்குத் திருப்பும். இந்த இரட்டைப் பட்டன் ஏற்பாட்டைப் பிரைட்லிங் நிறுவனம் 1934-இல் கொண்டுவந்தது. 90 ஆண்டுகளாக அதில் பெரிய மாற்றமில்லை. விலைதான் மாறியிருக்கிறது. அந்த விலைக்கு ஜொகூரில் வாழ்கிறவருக்கு என்ன கிடைக்கிறது என்று வரவும் செலவும் எழுதிப் பார்ப்பதே இங்கே வேலை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அழகுக்குக் குறைவில்லை. ஆனால் விலை ஏறுகிற அளவுக்கு உபயோகம் ஏறுவதில்லை. சில இடங்களில் இறங்கவே செய்கிறது.

வேக வளையமும் இடிமுழக்கமும்

அந்த வளையத்துக்கு டாக்கிமீட்டர் என்று பெயர். முகப்புக்குள் இருந்த அதை வெளிவளையத்துக்குக் கொண்டுபோன முதல் கைக்கடிகாரம் 1957-இல் வந்த ஸ்பீட்மாஸ்டர். கணக்கு எளிது: 3,600-ஐ வினாடிகளால் வகுத்தால் வேகம். பிளஸ் நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 40 வினாடி ஆனால் மணிக்கு 90 கிலோமீட்டர். சட்டம் அனுமதிக்கும் 110-இல் போனால் 32.7 வினாடி. எல்லாம் சரி. ஆனால் இதைச் செய்யவேண்டியவர் பக்கத்து இருக்கையில் இருப்பவர். ஓட்டுநருக்குக் கண்ணெதிரே ஸ்பீடோமீட்டர் இருக்கிறது. அவர் சாலையை விட்டு மணிக்கட்டைப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி முடியும்.

பந்தயப் பாதையில் உதவுமா என்றால், அதற்கும் ஜொகூரிலேயே உதாரணம் உண்டு. பாசிர் கூடாங்கில் இருந்த ஜொகூர் பந்தயப் பாதையின் நீளம் 3.86 கிலோமீட்டர். செப்பாங் பாதை வருவதற்கு முந்தைய ஆண்டு, 1998-இல், உலக மோட்டார் சைக்கிள் போட்டியின் மலேசியச் சுற்று இங்கேதான் நடந்தது. ஒரு வண்டி ஒரு சுற்றை 90 வினாடியில் முடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முள் ஒரு முழுவட்டம் போட்டு, அடுத்த வட்டத்தில் 30-ஆவது வினாடியில் நிற்கும். அங்கே வளையம் காட்டும் எண் 120. விவரம் தெரியாதவர் அதை 3.86-ஆல் பெருக்கினால் மணிக்கு 463 கிலோமீட்டர் வரும். அந்த வேகத்தில் பறப்பதற்கு இறக்கை வேண்டும். சரியான விடை 154.4. பந்தயத்துக்காக வரைந்த அளவுகோல் ஒரு சுற்றுப்பாதையின் முழுச் சுற்றை அளக்க உதவவில்லை. ஒரு நிமிடத்துக்குள் முடிகிற, ஒரு கிலோமீட்டர் அளந்து குறித்த நேர்ப்பாதைக்கு மட்டுமே அது பொருந்தும். அப்படி ஒரு பாதையை ஜொகூரில் தினமும் எத்தனை பேர் தேடிப் போகிறார்கள்?

இந்த ஊருக்கு உண்மையாகப் பயன்படும் அளவுகோல் ஒன்று பழைய குரோனோகிராஃப்களில் இருந்தது, இப்போது அபூர்வமாகிவிட்டது. அதன் பெயர் டெலிமீட்டர். பீரங்கியின் தீச்சுடர் தெரிந்ததும் பட்டனை அழுத்தி, ஓசை கேட்டதும் நிறுத்தினால் தூரம் தெரியும். பீரங்கிக்குப் பதில் மின்னல் என்று வைத்தால் ஜொகூருக்கு அப்படியே பொருந்தும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்து இடி இடிப்பதைக் குளுவாங்கிலோ கூலாயிலோ இருப்பவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம்.

30 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 10 வினாடி என்றால் இடி விழுந்த இடம் 3.5 கிலோமீட்டர் தள்ளி. குளிர்நாட்டில் பூஜ்ய டிகிரியை ஒட்டி, வினாடிக்கு 333 மீட்டர் என்று வரைந்த டெலிமீட்டர் அதே 10 வினாடிக்கு 3.33 என்று காட்டும். சுமார் ஐந்து விழுக்காடு பிசகு. உயிர் காக்கும் கணக்குக்கு இந்தப் பிசகு பொருட்டல்ல. திறந்தவெளி விளையாட்டுகளில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட 30-30 விதி இதுதான்: இடைவெளி 30 வினாடிக்குள் வந்தால், அதாவது மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருந்தால், திடலைக் காலி செய்ய வேண்டும், கடைசி இடிமுழக்கத்துக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். இடிச் சத்தம் கேட்டாலே உள்ளே போய்விடு என்பது இன்றைய அறிவுரை. ஆனாலும் அந்த 30 நிமிடக் காத்திருப்பு மாறவில்லை. பெரும்பாலான ஆடம்பர குரோனோகிராஃப்களின் குட்டி டயல் 30 நிமிடம் எண்ணுகிறது. அதற்கு மிகப் பொருத்தமான வேலை ஜொகூர் பள்ளித் திடலில் காத்திருக்கிறது. கடிகாரத்தின் விளம்பரத்தில் மட்டும் எப்போதும் பந்தயக் கார்.

விரல் தின்னும் வினாடி

இயந்திரக் கடிகாரத்தின் துல்லியம் அதன் துடிப்பைப் பொறுத்தது. மணிக்கு 18,000 துடிப்பு என்றால் வினாடிக்கு 5. அளக்கக்கூடிய மிகச் சிறிய நேரம் ஐந்தில் ஒரு வினாடி. 21,600 என்றால் ஆறில் ஒன்று. 28,800 என்றால் எட்டில் ஒன்று. ஸெனித் நிறுவனம் 1969 ஜனவரி 10-ஆம் நாள் அறிவித்த எல் பிரிமேரோ இயந்திரத்துக்கு 36,000. பத்தில் ஒரு வினாடி. 2021-இல் வந்த அதன் குரோனோமாஸ்டர் ஸ்போர்ட்டில் நடுமுள் 10 வினாடிக்கு ஒரு வட்டம் அடித்து அந்தப் பத்தில் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. இயந்திரம் தனக்குத் தெரிந்ததைப் படிக்கும்படி சொல்வது முகப்பின் கடமை. அந்த வகையில் ஸெனித் நேர்மையானது. ஸ்பீட்மாஸ்டரும் 2021-இல் 3861 இயந்திரத்துக்கு மாறியபோது, ஐந்தாகப் பிரித்திருந்த வினாடிக் கோடுகளை மூன்றாக மாற்றியது. வினாடிக்கு ஆறு துடிப்புக்கு ஐந்து கோடு ஒத்துவராது, மூன்று ஒத்துவரும். 1968-இலிருந்தே துடிப்பு ஆறுதான். கோடு ஒழுங்குக்கு வர 50 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஆனால் அழுத்துவது மனித விரல். தடகளப் போட்டிகளில் கையால் எடுத்த நேரத்தை மின்கருவி நேரத்தோடு ஒப்பிடும்போது 100, 200 மீட்டர் ஓட்டங்களுக்கு 0.24 வினாடி கூட்டுவது வழக்கம். நேரம் எடுப்பவர் துப்பாக்கிப் புகையைப் பார்த்து, மூளை சொல்லி, கட்டைவிரல் இறங்குவதற்குள் போகிற நேரம் அது. கையால் எடுத்த நேரத்தை அடுத்த பத்தில் ஒரு வினாடிக்கு மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும்; மூன்று பேர் எடுத்து மூன்றும் வேறுபட்டால் நடுவிலுள்ளதுதான் கணக்கு. 1977-இலிருந்து குறுந்தூர ஓட்டங்களின் உலக சாதனைக்கு மின்கருவி நேரம் மட்டுமே செல்லும். ஆக எட்டில் ஒரு வினாடி, அதாவது 0.125, விரலின் பிசகில் பாதிதான். பத்தில் ஒன்று அதைவிடக் குறைவு. துடிப்பைக் கூட்டுவதற்குக் கொடுக்கும் பணம் விரலிடம் தோற்றுப் போகிறது.

தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு ஸ்விஸ் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போகிற பெற்றோர் இருக்கக்கூடும். நேரம் எடுக்கிற ஆசிரியர் கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் ஸ்டாப்வாட்ச்சை நம்புவதே நல்லது. அதில் பட்டன் பெரிது, எண் பெரிது.

எட்டு மில்லிமீட்டருக்குள் முப்பது கோடு

உபயோகத்தில் மிகப் பெரிய தோல்வி குட்டி டயலில்தான். அருகில் வைத்துப் பாருங்கள். 42 மில்லிமீட்டர் கடிகாரத்தின் குட்டி டயல் ஒன்றுக்கு 8 மில்லிமீட்டர் விட்டம் என்று கொள்வோம். சுற்றளவு 25 மில்லிமீட்டர். அதை 30-ஆல் வகுத்தால் ஒரு நிமிடத்துக்குக் கிடைக்கும் இடம் 0.84 மில்லிமீட்டர். முள்ளின் நுனியே அதில் பாதியை அடைத்துக்கொள்ளும். 59-ஆவது வினாடியில் அந்த முள் 17-க்கும் 18-க்கும் நடுவே தயங்கி நிற்கும். கடந்தது 17 நிமிடமா 18-ஆ என்று நடுமுள்ளையும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். வயது 45-ஐத் தாண்டி, கண்ணாடி சட்டைப் பையில் இருந்தால் இரண்டும் தெரியாது. இந்தத் தயக்கத்தைப் போக்குவதற்காகவே ஜெர்மனியின் லாங்கே நிறுவனம் 1999-இல் டேட்டோகிராஃப் என்ற கடிகாரத்தில் நிமிட முள் சரியாக 60-ஆவது வினாடியில் ஒரே தாவலாகத் தாவும்படி செய்தது. அந்த இயந்திரத்தில் 405 பாகங்கள். டேடோனாவில் 2023 வரை இருந்த ரோலெக்ஸின் 4130 இயந்திரத்தில் 201. அழகான தீர்வு, ஆனால் கோட்டின் இடைவெளி கூடவில்லை.

நிமிட முள்ளையும் நடுவுக்கே கொண்டுவந்துவிட்டால்? 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 94. அறுபதால் வகுத்தால் நிமிடத்துக்கு 1.57 மில்லிமீட்டர். குட்டி டயலின் இடைவெளியைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. எண்ணும் எல்லையும் 30-இலிருந்து 60 ஆகிவிடும். இதை 1978 வாக்கில் செய்து காட்டியது லெமானியா 5100 என்ற இயந்திரம். சில பாகங்கள் பிளாஸ்டிக், பார்வைக்கு முரடு, நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைக்க யாரும் ஆசைப்படாத ரகம். ஆனால் ஜெர்மானிய விமானப் படைக்கு டுடிமா நிறுவனம் 1984-இல் கொடுத்த கடிகாரத்திலும், ஸின் நிறுவனத்தின் 1997-ஆம் ஆண்டு ஈஇஸட்எம் 1-இலும் துடித்தது அதுதான். விமானி ஒரு பார்வையில் நிமிடத்தைப் படித்தார். 2000-களின் தொடக்கத்தில் அந்த இயந்திரத்தின் உற்பத்தி நின்றது.

அதே வசதி 2017-இல் மீண்டும் வந்தது, ஏஜென்ஹோர் நிறுவனத்தின் ஏஜென்கிராஃப் இயந்திரமாக. வினாடி, நிமிடம், மணி மூன்றும் நடுவில். குட்டி டயலே கிடையாது. பாகங்கள் 477. அதைப் பயன்படுத்திய ஸிங்கர் டிராக் 1 கடிகாரத்தின் விலை 40,000 ஸ்விஸ் பிராங்கை ஒட்டியது. கோலாலம்பூரில் 2017-இல் தொடங்கிய நம் மலேசியக் கடிகார நிறுவனம் மிங், தன் 20.01 மாடலுக்கு இதே இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தது. வெற்று முகப்பில் எதை எங்கே வைக்க வேண்டும் என்று யோசிக்கிறவர்கள் அவர்கள். பிளாஸ்டிக் பாகங்களோடு படைவீரருக்குக் கிடைத்த ஒரு வசதி, ஆடம்பரமாகித் திரும்பி வரும்போது வீட்டுக்கடன் முன்பணம் அளவுக்கு விலை வைத்துக்கொண்டது.

30 நிமிட எல்லையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஸ்பீட்மாஸ்டரிலும் டேடோனாவிலும் நிமிடக் கணக்கி 3 மணி இடத்தில் இருக்கிறது. இரண்டும் 30 நிமிடம்தான். அதைத் தாண்டினால் 12 மணிநேரக் கணக்கியைப் பார்த்து, அரைமணிக் கோட்டைக் கடந்ததா இல்லையா என்று கண்டுபிடித்து, இதையும் அதையும் கூட்ட வேண்டும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசை 1 மணி 50 நிமிடம் ஆனதா 2 மணி 20 நிமிடம் ஆனதா என்று அறிய இவ்வளவு வேலை. 60 நிமிடக் கணக்கி இருந்தால் பாதி குழப்பம் தீரும். சீக்கோ குழுமத்தின் விகே63 என்ற பேட்டரி இயந்திரத்தில் 60 நிமிடக் கணக்கி இருக்கிறது. 1960-களின் பந்தயக் கடிகார அழகைக் காப்பாற்றுவதற்காகப் பெரும்பாலான ஆடம்பரக் கம்பெனிகள் 30-ஐ விடுவதாக இல்லை.

வியர்வை, மழை, திருகு

நாசா 1965 மார்ச் 1-இல் ஸ்பீட்மாஸ்டரை விண்வெளிப் பயணத்துக்குத் தகுதியானது என்று ஏற்பதற்கு முன் நடத்திய சோதனைகள் 11. அவற்றில் ஒன்று ஈரப்பதம்: 95 விழுக்காட்டுக்குக் குறையாத ஈரத்தில் 240 மணிநேரம், அதாவது 10 நாள். ஜொகூர்வாசிக்கு இது சிரிப்பாக இருக்கலாம். நமக்கு அது விடியற்காலை. ஆனால் சோதனை 10 நாளோடு முடிந்தது, நாம் கடிகாரத்தை 20 ஆண்டு கட்டுகிறோம். இன்றைய ஸ்பீட்மாஸ்டரின் நீர்த்தடுப்பு 50 மீட்டர். எண்ணைப் பார்த்து 50 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். மழையும் கைகழுவலும் தாங்கும், நீச்சலுக்கு யோசிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவருக்கு, மழைச் சட்டையின் கைக்குள் வியர்வையும் வெளியே மழையுமாக நனையும் கடிகாரத்துக்கு, 100 மீட்டர் வேண்டும் என்பது என் கட்சி.

டேடோனாவுக்கு 100 மீட்டர் உண்டு. ஆனால் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். அதன் இரண்டு பட்டன்களும் திருகி மூடப்பட்டவை. நேரம் எடுக்க நினைத்தால் முதலில் மேல் திருகைக் கழற்ற வேண்டும். பிறகு கீழ்த் திருகையும் கழற்ற வேண்டும், இல்லையென்றால் பூஜ்யத்துக்குத் திரும்பாது. முடிந்ததும் இரண்டையும் மறுபடி இறுக்க வேண்டும். மறந்தால் 100 மீட்டர் கணக்கு செல்லாது. மின்னல் வெட்டி முடிந்து இடி வருவதற்குள் யாரால் திருகைக் கழற்ற முடியும்? ஸ்டாப்வாட்ச் என்பது தயாராக இருக்க வேண்டிய பொருள். பூட்டி வைத்த குடை மாதிரி இது. ஸெனித் குரோனோமாஸ்டர் ஸ்போர்ட் திருகில்லாத பட்டனோடு அதே 100 மீட்டரைக் கொடுக்கிறது. ஆக இது பொறியியலால் முடியாத காரியமில்லை, ரோலெக்ஸ் விரும்பித் தேர்ந்த வடிவம்.

தடிமன் இன்னொரு வழக்கு. உலகில் அதிகம் உபயோகத்திலுள்ள தானியங்கி குரோனோகிராஃப் இயந்திரமான வால்ஜூ 7750, 1970-களின் நடுவில் வந்தது, 7.9 மில்லிமீட்டர் தடிமன். அதன்மேல் முகப்பு, முள்கள், கண்ணாடி, கீழே மூடி எல்லாம் சேர்ந்தால் 14, 15 மில்லிமீட்டர் ஆகிவிடும். முழுக்கைச் சட்டைப் பட்டன் அதன்மேல் ஏறாது. ரோலெக்ஸ் 4130 இயந்திரம் 6.5 மில்லிமீட்டர், பணத்துக்குக் கிடைக்கும் உண்மையான நன்மை என்றால் இந்த 1.4 மில்லிமீட்டரைச் சொல்லலாம். ஒப்பிட வேண்டுமானால், தமிழ்நாட்டின் ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டைட்டன் 2002-இல் வெளியிட்ட எட்ஜ் கடிகாரத்தின் மொத்தத் தடிமனே 3.5 மில்லிமீட்டர். அதில் ஸ்டாப்வாட்ச் கிடையாது, பேட்டரியில் ஓடுவது. இருந்தாலும் கையில் கட்டியிருப்பதே தெரியாமல் இருப்பது எப்படி என்று அது காட்டியது.

எடையும் அப்படியே. எஃகின் அடர்த்தி ஒரு கனசென்டிமீட்டருக்கு 8 கிராம், டைட்டேனியம் 4.5, 18 காரட் தங்கம் 15-ஐ ஒட்டி. ஒரே வடிவத்தை எஃகிலிருந்து தங்கத்துக்கு மாற்றினால் கூட்டின் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகும், விலை இன்னும் வேகமாக ஓடும். வெயிலில் வீங்கும் மணிக்கட்டுக்குத் தங்கம் நல்லதல்ல. தோல் வாரும் வேண்டாம். இந்த ஊர் வியர்வையில் ஓராண்டுக்கு மேல் நாற்றமில்லாமல் இருக்கும் தோல் வாரை நான் பார்த்ததில்லை.

ரிங்கிட் கணக்கு

2021-இல் புதிய ஸ்பீட்மாஸ்டர், எஃகுச் செயினும் ஹெசலைட் என்ற பிளாஸ்டிக் கண்ணாடியுமாக, அமெரிக்காவில் 6,300 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 26,000 ரிங்கிட். அப்போது ஜொகூர் பாரு நகரில் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,200 ரிங்கிட். ஒரு பைசா செலவில்லாமல் சேர்த்தாலும் 22 மாதம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆனது. ஸ்பீட்மாஸ்டரும் சும்மா இருக்கவில்லை, பல முறை ஏறிவிட்டது. எஃகு டேடோனா 2023-இல் அமெரிக்காவில் 15,100 டாலர், 66,000 ரிங்கிட்டைத் தாண்டும். அதுவும் பட்டியல் விலை மட்டுமே. அந்த விலைக்குக் கடையில் எடுத்துக் கொடுக்க ஆளில்லை, காத்திருப்போர் வரிசைதான் உண்டு. 2021 ஸ்பீட்மாஸ்டரின் டாலர் விலையைப்போல் 2.4 மடங்கு, அதே 30 நிமிடக் கணக்கி.

20 ஆண்டுக்கு ஒரு கணக்குப் போடலாம். வாங்கும் விலை 26,000. ஏழாண்டுக்கு ஒருமுறை முழுச் சேவை என்று இரண்டு முறை. ஒவ்வொன்றுக்கும் 3,000 ரிங்கிட் என்று வைத்தால் 6,000. மொத்தம் 32,000. 7,300 நாளால் வகுத்தால் நாளுக்கு 4 ரிங்கிட் 38 காசு. அவ்வளவு மோசமில்லை என்று தோன்றும். மாமாக் கடையில் ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக். ஆனால் பட்டனை வாரத்துக்கு ஒருமுறைதான் அழுத்துவார் என்றால் 20 ஆண்டில் 1,040 அழுத்தல்; ஒவ்வொன்றும் 30 ரிங்கிட் 77 காசு. கடிகாரத்தின் முழுச் செலவையும் பட்டன் தலையில் சுமத்துவது நியாயமில்லை, நேரமும் காட்டுகிறதே என்பார்கள். சரி, பாதியைத் தள்ளுங்கள். ஓர் அழுத்தலுக்கு 15 ரிங்கிட்.

எதிர்ப்பக்கம் கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989-இல் வந்தது. 21 கிராம். நூறில் ஒரு வினாடி வரை ஸ்டாப்வாட்ச். பேட்டரி ஏழாண்டு. விலை நூறு ரிங்கிட் நோட்டுக்குள் அடங்கும். 20 ஆண்டில் பேட்டரி இரண்டு முறை மாற்ற 40 ரிங்கிட் சேர்த்து 140. நாளுக்கு இரண்டு காசு கூட இல்லை. நேரம் காட்டுவதிலும் அது தோற்கவில்லை: மாதத்துக்கு 30 வினாடி பிசகு என்பது நிறுவனம் ஒப்புக்கொள்ளும் அளவு, ஆண்டுக்கு 6 நிமிடம். ஸ்பீட்மாஸ்டருக்கு, ஸ்விஸ் அளவியல் நிறுவனமான மெட்டாஸின் சான்றிதழின்படி, நாளுக்கு 0 முதல் 5 வினாடி வரை முந்தலாம். மோசமான பக்கத்தை எடுத்தால் ஆண்டுக்கு 30 நிமிடம். டேடோனாவுக்கு நாளுக்கு 2 வினாடி முன்னே பின்னே. இயந்திரக் கடிகாரத்துக்கு இது சாதனைதான். ஆனாலும் ஆண்டுக்கு 12 நிமிடம் வரை ஆகும்.

ஆடம்பரத்தின் பக்கம் எழுத வேண்டிய வரவும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை கழற்றி வைத்தால் 50 மணிநேர விசைச் சேமிப்புள்ள ஸ்பீட்மாஸ்டர் ஞாயிறு இரவு வரை ஓடும், டேடோனாவின் 72 மணி திங்கள் மாலை வரை. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 கலம் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தி ஊர்ந்து வந்தபோது 14 வினாடி இயந்திர எரிப்பை ஸ்பீட்மாஸ்டரில்தான் அளந்தார்கள். விற்றால் விலை கிடைக்கும். நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த டேடோனா 2017 அக்டோபர் 26-இல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சத்து 52 ஆயிரத்து 500 டாலருக்குப் போனது. அதைப் பார்த்து எல்லா டேடோனாவும் முதலீடு என்று நம்புகிறவர்களோடு வாதாட எனக்குப் பொறுமை இல்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் வாங்குவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சிங்கப்பூரில் 2024 ஜனவரி 1-இலிருந்து பொருள் சேவை வரி 9 விழுக்காடு. வரி உட்பட 10,000 சிங்கப்பூர் வெள்ளி விலையுள்ள கடிகாரத்தில் சுமார் 826 வெள்ளி வரி. சுற்றுப்பயணிக்கு அது திரும்பக் கிடைக்கும் என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான், ஆனால் விமானத்திலோ பயணக் கப்பலிலோ வெளியேறினால் மட்டும். உட்லண்ட்ஸ், துவாஸ் தரைவழியில் திரும்புகிறவருக்கு ஒரு காசு கிடையாது. அங்கே வேலை அனுமதியில் இருப்பவருக்கு எந்த வழியிலும் கிடையாது. பேரம் பேசும்போது இந்த 826 திரும்பி வராது என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

தீர்ப்பு

ஜொகூர் உபயோகத்துக்கு நான் கேட்பது நான்கு: 100 மீட்டர் நீர்த்தடுப்பு, திருகில்லாத பட்டன், 60 நிமிடமாவது எண்ணும் கணக்கி, சேவைச் செலவு தாங்கக்கூடியதாக இருப்பது. ஸ்பீட்மாஸ்டர் பட்டனில் தேறுகிறது, மற்ற மூன்றில் இல்லை. டேடோனா நீரில் மட்டும். ஸெனித் முதல் மூன்றிலும் தேறி நான்காவதில் தடுக்குகிறது. சீக்கோ 2021-இல் வெளியிட்ட சூரிய ஒளியில் ஓடும் ஸ்பீட்டைமர், 39 மில்லிமீட்டர், 100 மீட்டர், 60 நிமிடக் கணக்கி, முழுதாக மின்னேற்றினால் ஆறு மாதம் இருட்டிலும் ஓடும். அறிமுக விலை 675 டாலர், சுமார் 2,800 ரிங்கிட். நான்கிலும் தேறியது அது ஒன்றுதான். அந்தக் குழுமத்துக்கு ஜொகூரிலேயே ஒரு தொழிற்சாலை உண்டு. உலகெங்கும் சிறு கம்பெனிகள் வாங்கிப் பொருத்தும் என்எச்35 இயந்திரம் பலவற்றில் 'மலேசியா' என்ற முத்திரை இருக்கும். இந்த ஸ்பீட்டைமருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஊர்ப்பாசத்தில் மதிப்பெண் போட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். வெளிவளையத்தில் அதே உதவாத டாக்கிமீட்டரை அவர்களும் பொறித்திருக்கிறார்கள்.

இயந்திரத்தின் மீது ஆசை இருப்பவர் ஸ்பீட்மாஸ்டரே வாங்கட்டும். சாவி கொடுக்கும் சுகம் பேட்டரியில் வராது என்பதை நானும் மறுக்கவில்லை. கடைக்குப் போகும்போது சில காரியங்களைச் செய்யுங்கள். படிக்கும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பட்டனை அழுத்தி மூன்று நிமிடம் ஓடவிட்டு, குட்டி டயலைப் பார்த்து எத்தனை நிமிடம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கடிகாரத்தின் மேல் கொம்புக்கும் கீழ்க் கொம்புக்கும் உள்ள நீளம் உங்கள் மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டுகிறதா என்று அளந்து பாருங்கள். முழுச் சேவைக்கு இன்றைய கட்டணம் எவ்வளவு, கடிகாரத்தை எந்த ஊருக்கு அனுப்புவார்கள், எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டு, பணம் கட்டுவதற்கு முன் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.